லாபத்தில் முடிய வேண்டிய மாடிப்படி

ஆனி 5, வெள்ளி

இதைக் கையில் எடுத்தவர் யாரோ தெரியாது. உங்களுக்குக் கோடிப் புண்ணியம், படிக்காமல் இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். படித்துவிட்டீர்களா? சரி, யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் கூட வேண்டாம். நைனாவிடம் காட்டவே காட்டாதீர்கள். காட்டினால் என் படிப்பு அன்றோடு முடிந்தது. சத்தியமாக. பத்மா, நாலாவது பாரம்.

பகல் முழுக்கப் புழுக்கம். மழை போக்குக் காட்டிவிட்டுத் தடா பக்கம் போய்விட்டது. செங்கல் வண்டி வந்தது. கருங்கல் பலகைகள் நாளைக்கு. வண்டி மாட்டுக்குத் தண்ணீர் காட்டியது நான்.

வீட்டுக்கு வெளியே மாடிப்படி! எங்கள் சந்தில் வெளிப்படி வைத்த வீடு ஒன்றுகூட இல்லை. முதல் வீடு எங்களுடையது.

எதற்கு என்று எழுதிவைக்கிறேன். சரோஜா அக்காவுக்காக. மாமா காய்ச்சலில் போன பிறகு அக்கா நாயுடுபேட்டையிலிருந்து எங்களிடமே வந்துவிட்டாள். அங்கே மாமியார் படுக்கையில். "அண்ணிய அனுப்புங்க, வீட்ல சோறாக்க ஆள் இல்ல" என்று கொழுந்தன் ஆள்மேல் ஆள் சொல்லி அனுப்புகிறார். அக்காவுக்குப் போக மனமில்லை. தையல் வகுப்பு வைக்க ஆசை. எங்கள் ஊர் நகரியில் கற்றுக்கொள்ளப் பெண்களும் தயார். மொட்டை மாடியில் ஓட்டுக் கொட்டகை காலியாகக் கிடக்கிறது. ஆனால் அதற்கு ஏற உள்ளே ஒரு மூங்கில் ஏணி. கீழே பூராவும் நைனாவின் கடை நூல் மூட்டை.

நைனாவின் தீர்ப்பு: "ஊர்ப் பொண்ணுங்க என் நூலு மேல நடந்து ஏணி ஏற வேணாம். வெளிய படி வெக்கிறேன். ஆடி பொறக்கறதுக்குள்ள கிளாஸ ஆரம்பிச்சிக்கோ. ஆடியில எதையும் ஆரம்பிக்க முடியாது. அதுக்குள்ள ஆவலன்னா கொழுந்தன் வந்து கூப்புட்டா பேசாம கெளம்பு."

அக்கா தலையாட்டினாள். நான் கதவிடுக்கில். அக்கா போய்விட்டால் நான் யாரோடு படுப்பேன்?

நாளைக்குக் கணக்குப் பரீட்சை. படிக்கவில்லை.


ஆனி 9, செவ்வாய்

வெயில். கணக்கில் முதல் மார்க்கு. வீட்டில் யாரும் கேட்கவில்லை, எல்லோரும் சுண்ணாம்புக் குழைவில்.

மேஸ்திரி முனிசாமி. வாய் ஓயாது. சந்திலிருந்து பக்கச் சுவரை ஒட்டி நேராக மேலே போகிற படி. நூல் பிடித்துக்கொண்டே கேட்டார்: "அண்ணே, ஆபீசுல பிளான் குடுத்தாச்சா? இப்போ ஒரு ஓவர்சியர் வந்துகீறான். ஊடு ஊடா சைக்கிள்ல சுத்திக்கினு கீறான்."

நைனா: "எந்த ஆபீசு?"

"நம்ம ஊர் ஆபீசுதான்."

"அது நம்ம ஆபீசா? எல்லைக் கமிட்டிக்கு மகஜர் குடுத்துட்டு வந்துகீறோம். இன்னிக்கோ நாளைக்கோ ஊரு மெட்ராஸோட சேர்ந்துடும். போவப் போற ஆளுகிட்ட நான் ஏன் போயி கை கட்டி நிக்கணும்? நீ கட்டு."

"அதுவும் சரிதான். ஊரு மாறினா கேக்கறதுக்கு அவன் இருக்க மாட்டான்."

இந்தத் தெருவில் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறார்கள். எதிர் வீட்டுக்காரர் வரியே கட்டவில்லை. மெட்ராஸ்காரன் வந்தால் கட்டுகிறாராம்.

நைனா ஆந்திரா ராஜ்யம் பிரிந்து, எங்கள் ஊரும் அதோடு போன அன்றே சபதம் எடுத்தவர். ஊர் சேரும்வரை வாயில் தெலுங்கு வராது. அதற்கு முன் கடையில் பாதிப் பேச்சு தெலுங்கில்தான். இப்போது தெலுங்கு வாடிக்கையாளர் வந்தால் விலைக்கு விரலைக் காட்டுகிறார். அம்மா சொல்வாள்: "பகல்லதான் சபதம். தூக்கத்துல தெலுங்குலயே திட்றாரு."


ஆனி 13, சனி

லேசான தூறல். படி மேலே தொட்டுவிட்டது! பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து நான்தான் முதலில் ஏறினேன். சந்தே என்னைப் பார்த்தது. ரயில்வே ஸ்டேஷன் கைகாட்டி வரை தெரிகிறது.

ஆனால் இரண்டு சங்கதி.

ஒன்று. மேஸ்திரி படியை எண்ணிக்கொண்டே போனார், லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம் என்று. கடைசிப் படி நஷ்டத்தில் வந்து நின்றது. அப்படி வைத்தால் வீட்டில் காசு தங்காதாம், ஏறுகிறவளுக்குப் பிழைப்பு தங்காதாம். உடனே ஒரு பலகையை எடுத்துவிட்டார். ஒரு படி குறைந்தது, லாபத்தில் முடிந்தது. மிச்சமான உயரம் எல்லாம் கடைசி இரண்டு படிகளின் தலையில். அங்கே மட்டும் முழங்காலைத் தூக்கி வைக்க வேண்டும். அக்கா ஏறிப் பார்த்தாள். கடைசிப் படியில் கால் இடறிக் கையை ஊன்றினாள். உள்ளங்கை தோல் போயிற்று.

"கொஞ்ச நாள்ல பழகிப்பூடும்மா" என்றார் மேஸ்திரி.

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இறங்கினாள். வேண்டும் என்று கேட்டதே அதிகம் என்று நினைக்கிறவள்.

இரண்டு. பக்கத்து வீட்டுச் சுப்பம்மா அத்தை மதில்மேல் தலை தூக்கினாள். "ஏமன்னா, மீ மெட்லு மீத நிலபடிதே மா தொட்டி அந்தா கனபடுதுந்தி!" உங்கள் படியில் நின்றால் எங்கள் தொட்டிப் பக்கம் அத்தனையும் தெரிகிறது என்று.

நைனா தமிழில்: "தெரிஞ்சா தெரியட்டுமே. பாக்கறதுக்கு உன் ஊட்ல இன்னாம்மா கீது, காயப் போட்ட மொளகா தவிர?"

"நேனு ஸ்நானம் சேசேதி அக்கடேனய்யா!"

குளிக்கிற இடம்! நைனா காது வரை சிவந்து உள்ளே வந்துவிட்டார். அம்மா அடுப்படியில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். நானும். பிறகு யோசித்தேன். சுப்பம்மா அத்தை சொல்வது நியாயம்தானே?


ஆனி 18, வியாழன்

எழுத்து கோணல். எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

நைனா திருத்தணிக்கு, எல்லைக் கூட்டத்துக்கு. ஞாயிறுதான் வருவார். பள்ளிக்கூடம் விட்டு வந்து சடையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சந்தில் சைக்கிள் மணி. ஓவர்சியர்! (இனி ஓ. என்று எழுதுகிறேன்.) ஒல்லியான ஆள். கொக்கிக் குடை. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

அக்கா வெளி ஆண்கள் முன் வர மாட்டாள். அம்மா கதவுக்குப் பின்னால். மேஸ்திரியைக் காணோம், சைக்கிளைப் பார்த்ததுமே ஓட்டம். நான்தான் வாசலில்.

ஓ. படியில் ஏறினார். கடைசிப் படியில் முட்டியை இடித்துக்கொண்டார். அங்கேயே உட்கார்ந்து தேய்த்துக்கொண்டு, தமிழும் தெலுங்குமாக: "ஏமிட்டம்மா இதி, மெட்லா? திருப்பதி மலை ஏர்றதே இதுக்கு ஈஸி கதம்மா!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு நாடாவை எடுத்தார், சிரிப்பு போய்விட்டது. அனுமதி உந்தா என்றார். இல்லை என்றேன். நாளைக் காலை ஆட்கள் கடப்பாரையோடு வருவார்கள், சந்தில் நீட்டியிருப்பதை இடிப்பார்கள் என்றார். சந்தில் நீட்டியிருப்பது முதல் மூன்று படி. முதல் மூன்று படி போனால் படி எங்கே?

கதவுக்குப் பின்னால் அக்காவின் வளையல் இல்லாத கை நிலையைப் பிடித்திருந்தது. கை மட்டும்தான் தெரிந்தது.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது தெரியாது. தெலுங்கில் கேட்டேன், எப்படிக் கட்டினால் சரி, சொல்லுங்கள் என்று. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏ க்ளாசு?" சொன்னேன். "லெக்கலு வச்சா?" கணக்கு வருமா என்கிறார். நூற்றுக்கு நூறு என்றேன். (தொண்ணூற்றாறு. சாமி மன்னிக்கட்டும்.) அம்மா மோர் கொடுத்தனுப்பினாள். குடித்துக்கொண்டே சொன்னார். மறக்காமல் இங்கே:

படி முழுக்க நம் மனைக்குள். சந்தில் ஓர் அங்குலம் கூடாது. நெருப்புப் பிடித்தால் தண்ணீர் வண்டி நுழைய வேண்டும்.

அகலம் மூன்று அடி. இறங்குகிறவளும் ஏறுகிறவளும் உரசாமல்.

ஒவ்வொரு படியும் ஒரே உயரம். ஏழரை இஞ்சுக்கு மேல் கூடாது. கால் வைக்கிற இடம் பத்து இஞ்சுக்குக் குறையக் கூடாது. (ஒரு படி மட்டும் உயரம் மாறினால் கண் பார்க்காது, கால்தான் ஏமாறும் என்றார். இது எனக்குப் பிடித்தது.)

திறந்த பக்கம் இடுப்பு உயரம் கைச்சுவர். மாடி ஓரத்திலும்.

பக்கத்து வீடு தெரிகிற இடத்தில் ஆள் உயர மறைப்பு.

கீழ் வீட்டு ஜன்னலை அடைக்கக் கூடாது.

கேட்டேன், இதெல்லாம் ஆந்திராக்காரர்கள் போட்டதா? "காதம்மா. மெட்ராஸ் காலத்து ரூலு. ஆ பக்கம் மெட்ராஸ்ல போயி பாரு, இதே ரூலு, இதே ஏழரை இஞ்சு."

பிறகுதான் அதைச் செய்தேன். எழுதவே பயம். "மா நான்ன" தாமே இதை இடித்து, நீங்கள் சொன்ன மாதிரி மாற்றிக் கட்டிவிடுவார், மாசக் கடைசிக்குள், ஆட்களை அனுப்பாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். நைனா பெயரில் நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்! அந்த ஆபீசுக்கு! ஓ. குடையால் தரையைத் தட்டிக்கொண்டு யோசித்தார். "சரே. ஆனி கடைசில வருவேன். மாறலன்னா பேச்சே இல்ல. கடப்பாரைதான்."

சைக்கிள் போன பிறகு அக்கா வெளியே வந்து என் கன்னத்தைக் கிள்ளினாள். "இன்னாடி இது, கலெக்டர் மாதிரி பேசற?" பிறகு முகம் மாறியது. "நைனா கிட்ட யாரு சொல்றது?"

நான் இல்லை.


ஆனி 19, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் ஒன்றும் ஏறவில்லை. புவியியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பூராவும் படி.

கணக்கு இப்படி. ஒற்றைப் படை வர வேண்டும், இல்லையென்றால் மேஸ்திரி கரண்டியைத் தொட மாட்டார், அம்மாவும் ஏற மாட்டாள். எல்லாப் படியும் ஒரே உயரம் வர வேண்டும், இல்லையென்றால் ஓ. விட மாட்டார். மேஸ்திரி ஒன்றைக் குறைத்தார். ஒன்றைக் கூட்டினால் என்ன? அப்போதும் லாபம்தான்! ஒவ்வொரு படியும் ஏழு இஞ்சும் கொசுறும். எல்லாம் ஒரே மாதிரி. தமிழ் டீச்சர் கரும்பலகை ஓரமாக நின்று என்னையே பார்த்திருக்கிறார். "பத்மா, எதைப் பார்த்து இளிக்கிறாய்?" பெஞ்சு மேல் ஏறி நின்றேன். அங்கிருந்தும் இளித்தேன்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் உறைத்தது. படி கூடினால் நீளம் கூடும். இன்னும் சந்துக்குள் போகும்.

அக்காவிடம் சொன்னேன். அவள் துணி வெட்டும் முன் காகிதத்தில் வெட்டிப் பார்க்கிறவள். பழைய பேப்பரை எடுத்தாள், இஞ்சு டேப்பை எடுத்தாள். ரவிக்கைக்கு அளவெடுக்கிற மாதிரி வீட்டுக்கு அளவெடுத்தோம். நான் டேப்பின் நுனி, அவள் எண். பின்பக்கம் துவைக்கிற கல் இருக்கிற மூலையில் நல்ல இடம். அக்கா பேப்பரில் படியை மடிப்பு மடிப்பாகக் கொசுவினாள், புடவைக் கொசுவம் போல. நேராக வைத்தால் மனைக்கு வெளியே சந்தில் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு சதுரம் விட்டு மடக்கித் திருப்பினாள்.

"ரவிக்க அக்குள்ல இப்பிடித்தான் திருப்புவோம். துணி பத்தலன்னா நேரா வெட்ட மாட்டோம்டி."

உள்ளே அடங்கிவிட்டது! திரும்புகிற இடத்தில் நின்று மூச்சு வாங்கலாம். அங்கே ஆள் உயரச் சுவர் எழுப்பினால் சுப்பம்மா அத்தையின் தொட்டி தெரியாது. துவைக்கிற கல்லைத்தான் நகர்த்த வேண்டும். அம்மா: "என் கல்லா? நகத்துவீங்களா, நகத்துங்க. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து துவைங்க."

காகிதப் படி ஒரு முழம். சோற்றுப் பசையால் ஒட்டினோம். அழகு! என் வாழ்நாளில் நான் செய்ததிலேயே அழகானது.


ஆனி 21, ஞாயிறு

நைனா மத்தியானம் வந்தார். மழை. குடையை மடக்காமலே உள்ளே வந்துவிட்டார்.

கூட்டத்தில் என்ன பேச்சு என்று அம்மா கேட்டாள். "கோடு நமக்கு அந்தாண்ட போவும் போலருக்கு" என்றார். அவ்வளவுதான். திருத்தணி மெட்ராஸ் பக்கம், நாங்கள் ஆந்திரா பக்கம். இன்னும் முடிவாகவில்லையாம். ஆனால் அவர் முகம் முடிவாகிவிட்ட முகம். சாப்பிடவில்லை. குடையோடு போய்ப் படியில் உட்கார்ந்தார், தூறலில்.

இந்த நேரம் பார்த்தா சொல்வது? ஆனால் நாள் போகிறது. கொழுந்தன் வேறு மாசக் கடைசியில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

காகிதப் படியைப் பாவாடையில் மறைத்து எடுத்துப் போனேன். ஓ. வந்ததைச் சொன்னேன். இடிக்கச் சொன்னார் என்றேன். வாக்குக் கொடுத்ததைச் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

"இடிப்பானா? வரச் சொல்லு. நான் இங்கியே குந்திக்கினு இருக்கேன். என்ன சேத்து இடிக்கட்டும்."

"அது மெட்ராஸ் ரூலாம் நைனா. அங்கியும் இன்னிக்கும் அதேதானாம்."

"அவன் சொன்னா நீ நம்பிட்டியா?"

"அக்கா கை பாத்தியா நைனா? மேல்படியில இடறிச்சி. ஊரு எந்தப் பக்கம் போனாலும் அக்கா கால் அதே கால்தான? தெனமும் அவ்ளோ பொண்ணுங்க பொடவ கட்டிக்கினு எறங்கணும். ஒருத்தி வுழுந்தா அப்புறம் எவ வருவா?"

சொல்லிவிட்டு அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தால் நைனா கடைசிப் படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார். காகிதப் படியைக் கொடுத்தேன். மழையில் நனையாமல் குடைக்குள் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னா, நடுவுல சதுரம்?"

"திரும்பற எடம்."

"எண்ணிப் பாத்தியா?"

"லாபம்தான் நைனா."

எழுந்து உள்ளே போனார். காகிதப் படியையும் எடுத்துக்கொண்டு. சரியா இல்லையா என்று அக்கா நூறு தடவை கேட்டுவிட்டாள். எனக்கு என்ன தெரியும்?


ஆனி 22, திங்கள்

டங் டங் என்ற சத்தத்தில் விழிப்பு. ஓடினேன். நைனா! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் கடப்பாரை. மேஸ்திரி பக்கத்தில் தலையில் கை வைத்துக்கொண்டு.

"அண்ணே, நல்லாத்தான கீது அண்ணே..."

"நல்லா கீதா? நீ ஏறுடா மொதல்ல, தலையில மிஷின வெச்சிக்கினு!" பிறகு சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி: "என் ஊட்ட நான்தான் இடிப்பேன். எவன் சொல்லியும் இல்ல. எவனுக்கும் வாக்குக் குடுத்தும் இல்ல!"

வாக்கு! நான் கதவுக்குப் பின்னால் நழுவினேன்.

மற்றவை: பலகைகள் உடையவில்லை, எல்லாவற்றையும் திரும்ப வைக்கலாம். மேஸ்திரிக்குக் கோபம். "ஒண்ணு கொறைச்சா லாபம், ஒண்ணு கூட்டினாலும் லாபம், எனக்குத் தெரியாதா? எடம் இல்லன்னுதான் கொறைச்சேன்." பிறகு தானே சிரித்தார். "திருப்பலாம்னு தோணலம்மா. தோணல."

மாலை நைனா ஆபீசுக்குப் போய் வந்தார். "தமிழ்லதான் எழுதிக் குடுத்தேன். வாங்கிக்கினாங்க." ஓ. அங்கே இல்லையாம், குமாஸ்தாதானாம். அப்பாடா. படம் கேட்டார்களாம். நைனா காகிதப் படியையே மேஜைமேல் வைத்துவிட்டாராம். குமாஸ்தா அதைத் தூக்கிப் பிடித்து ஆபீசு முழுக்கக் காட்டினானாம். என் படி! அக்காவும் நானும் ஒட்டியது! ஆனாலும் காகிதத்தில் வரைந்தது ஒன்று வேண்டுமாம். நைனா என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஸ்கேல் வெச்சி ஒழுங்கா வரஞ்சி குடு."

மூன்று முறை வரைந்தேன். மூன்றாவதுதான் சுத்தம்.


ஆனி 27, சனி

நாலு நாளாக எழுத நேரமில்லை. கை முழுக்கச் சுண்ணாம்பு, எரிகிறது. தேங்காய் எண்ணெய்.

திருப்பம் வரை ஏறிவிட்டது. ஒவ்வொரு பலகை வைத்ததும் நான் டேப்பை வைத்துப் பார்க்கிறேன். மேஸ்திரி: "எம்மா தாயே, என் கண்ணு மேலயே நம்பிக்க இல்லயா?" ஒரு பலகை அரை விரல் உயர்ந்துவிட்டது. சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே எடுத்துத் திரும்ப வைத்தார்.

சுப்பம்மா அத்தை மறைப்புச் சுவருக்குத் தன் வீட்டில் மிச்சமான செங்கல்லை மதில் வழியாக எடுத்துக் கொடுத்தாள். நைனா வாங்கிக்கொண்டு தமிழில்: "உன் மானத்துக்கு உன் கல்லாலியே செவுரு." அவள் தெலுங்கில் ஏதோ பதில் கொடுத்தாள், எழுத முடியாது. இருவரும் சிரித்தார்கள். இவர்கள் இரண்டு பாஷையில்தான் சண்டை போடுவார்கள், இரண்டு பாஷையில்தான் சிரிப்பார்கள்.

ஓ. வந்ததும் சொல்லிவிடுவார். உன் பெண் உன் பெயரில் எனக்கு வாக்குக் கொடுத்தாள் என்று. எல்லோர் முன்னாலும். நைனா முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்? நானே முன்னால் சொல்லிவிடலாமா? நாளைக்கு.


ஆனி 28, ஞாயிறு

சொல்லவில்லை.


ஆனி 30, செவ்வாய்

காற்று. ஆடிக் காற்று முன்னாலேயே வந்துவிட்டது. இதை எழுதுவது மாடிக் கொட்டகையில்! அக்காவும் நானும் இனி இங்கேதான் படுக்கை. அக்கா தூங்கிவிட்டாள். தையல் மிஷின் மூலையில், துணி போர்த்தி.

காலையில் முதலில் வந்தது கொழுந்தன். ரயிலில். புது வேட்டி. அக்காவின் பெட்டியைத் தூக்கிப் போக ஓர் ஆளையும் கூட்டி வந்திருந்தார். காப்பி குடித்துவிட்டு, "அண்ணி கெளம்பட்டும் மாமா" என்றார். அந்த நேரத்தில்தான் சைக்கிள் மணி.

ஓ. யாரிடமும் பேசவில்லை. நேராகச் சந்து ஓரம் நாடாவை வைத்தார். பிறகு அகலம். பிறகு ஒவ்வொரு படியாக, மேலிருந்து கீழே. நான் துவைக்கிற கல்லின் புது இடத்தில் நின்றேன். கைச்சுவரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். மறைப்புச் சுவரண்டை நின்று எக்கிப் பார்த்தார். "ஏமி கனபடுதுந்தி?" என்று அந்தப் பக்கத்திலிருந்து சுப்பம்மா அத்தை அதட்டினாள். ஒன்றுமே தெரியவில்லை தாயே என்று பதறிக் கீழே இறங்கிவிட்டார்.

கண்ணை மூடிக்கொண்டு மறுபடி ஏறினார்! நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு, குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. எங்கும் இடறவில்லை. மேலே போய்க் கண்ணைத் திறந்து, "பாஸு" என்றார்.

பாஸ்!

அதோடு இறங்கிப் போயிருக்கலாம் அல்லவா? போகவில்லை. நைனாவிடம் வந்து, சந்தில் அத்தனை பேர் நிற்கும்போது, பாதித் தமிழில்: "மீ அம்மாயி ஆனி கடைசி அன்னதி. மா நான்ன மாத்தி கட்டுவாருன்னு மாட்ட இச்சிந்தி. மாட்ட நிலபெட்டுகுந்தி. நேனு நம்பல. இந்தப் பொண்ணு கேக்கலன்னா ஆட்கள அப்பவே அனுப்பி இருப்பேன்."

வாக்குக் கொடுத்தாள், காப்பாற்றிவிட்டாள் என்கிறார்! நைனா மெதுவாக என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையை எனக்குப் படிக்கத் தெரியவில்லை. ஓ. மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார். நான் அம்மா பின்னால் ஒளிந்தேன்.

கொழுந்தன்: "அப்போ அண்ணிய எப்ப மாமா..."

நைனா: "அவளயே கேளு. கிளாஸ் அவளது."

அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். கொழுந்தன் முன், கூட்டி வந்த ஆள் முன், சந்து முன். குரல் சின்னதுதான், ஆனால் கேட்டது. "அத்தைக்கு ஒரு ஆள் வெச்சிக்கோங்க தம்பி. பணம் நான் மாசாமாசம் அனுப்பறேன். நான் வர்ல."

சொல்லிவிட்டுப் படியில் ஏறிப் போய்விட்டாள். நிற்காமல், எதையும் பிடிக்காமல். கொழுந்தன் மத்தியான ரயிலில் தனியாக. பெட்டி தூக்க வந்தவனுக்கு அம்மா களி போட்டாள், நன்றாகத் தின்றான்.

மாலையில் நல்ல நேரம் பார்த்துக் கிளாஸ். ஆறு பேர் வந்தார்கள். ஆறாவது, சுப்பம்மா அத்தையின் பெண். திருப்பத்தில் நின்று, மேலே பார்த்து, பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். யாருக்கும் இடறவில்லை. யாரும் காலைப் பார்த்துக்கூட ஏறவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு கீழேயே நின்றேன். எல்லோரும் ஏறி முடித்த பிறகும் நின்றேன்.

நைனா? கடைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். அம்மா கேட்டதற்கு, "அவகிட்ட நான் பேசிக்கறேன்" என்றாராம். என்ன பேசுவார்? பள்ளிக்கூடத்தை நிறுத்தினால்? நிறுத்தினாலும் படி இருக்கும். அதை யாரும் எடுக்க முடியாது. பாஸ் ஆகிவிட்டது. ஆனாலும் நிறுத்தக் கூடாது சாமி. இன்னும் இரண்டு பாரம் இருக்கிறது. அப்புறம் சித்தூரில்

படியில் யாரோ. செருப்புச் சத்தம். நைனாவின் இருமல். விளக்கை அணைக்கலாமா? வெளிச்சம் வெளியே தெரிந்திருக்கும். திருப்பத்தில் நின்றுவிட்டார். மறுபடி ஏறுகிறார்.

கதவைத் தட்டுகிறார்.

"ஓவர்சியரம்மா! முழிச்சிக்கினு கீறீங்களா? கொஞ்சம் கதவத் தொற"